‘பெயர் பொருந்தவில்லை’ என்று எழுதியவர்களுக்கு

மென்பொருள் எழுதும் தம்பி தங்கைகளுக்கு,

தாலுகா ஆபீசுக்கு எதிரே கடை வைத்திருப்பவள் நான். போர்டில் ஜெராக்ஸ் என்றுதான் இருக்கும். ஆனால் நகல் எடுக்க வருபவர்களைவிட, “இதைக் கொஞ்சம் போட்டுக் குடும்மா” என்று மஞ்சப்பையோடு வருபவர்கள்தான் அதிகம். பான் கார்டு, வாரிசுச் சான்று, பட்டா, பாஸ்போர்ட், ஸ்காலர்ஷிப், முதியோர் பணம். பதினாறு வருடமாக நீங்கள் செய்த திரைகளுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். நீங்கள் என் பெஞ்சில் வந்து உட்காருபவர்களைப் பார்த்ததில்லை. அவர்களும் உங்களைப் பார்த்ததில்லை. நடுவில் இருப்பவள் நான் என்பதால் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

போன ஆடி மாதம் ஓர் அம்மா வந்தார். வயது அறுபத்தைந்துக்கு மேல் இருக்கும். செல்லம்மாள் என்று வைத்துக்கொள்ளுங்கள், உண்மைப் பெயர் வேறு. கணவர் மில்லில் வேலை பார்த்தவர், இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. அவர் கணக்கில் சேர்ந்த பணம் மனைவிக்கு வர வேண்டும். எந்த அலுவலகத்திலிருந்து என்று இங்கே எழுதவில்லை. எந்த அலுவலகமாக இருந்தாலும் நடப்பது இதுதான். விண்ணப்பம் இரண்டு முறை திரும்பி வந்திருந்தது.

மஞ்சப்பைக்குள் ஒரு பிளாஸ்டிக் கவர், அதற்குள் ஜவுளிக்கடைக் கவர், அதற்குள் ரப்பர் பேண்டு போட்ட காகிதக் கட்டு. ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தார். ரேஷன் கார்டு, ஆதார், வாக்காளர் அட்டை, பேங்க் பாஸ்புக், கணவர் வேலை பார்த்த இடத்துக் காகிதம். தமிழில் இருந்த இடத்திலெல்லாம் பெயர் ஒன்றுதான்: செல்லம்மாள். ஒரு புள்ளி மாறவில்லை. ஆங்கிலத்தில்தான் ஐந்து காகிதத்தில் நான்கு பேர் இருந்தார்கள். ஒன்றில் ‘எஸ்’ போட்டுத் தொடங்கியிருந்தது, இன்னொன்றில் ‘சி’. ஒன்றில் கடைசி ‘எல்’ விழுந்துபோய் செல்லம்மா ஆகியிருந்தார். கணவர் கோவிந்தன் என்பதால் தமிழில் முன்னெழுத்து ‘கோ’. அது ஒரு காகிதத்தில் ‘ஜி’, இன்னொன்றில் ‘கே’.

அந்த ஆங்கில எழுத்துகளில் ஒன்றைக்கூட அவர் எழுதவில்லை. அவருக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது. மில் கிளார்க் ஒருவர், பேங்கில் ஒருவர், பள்ளிக்கூடத்தில் முகாம் போட்டபோது ஆதார் பதிவு செய்த பையன் ஒருவன், இப்படி யாரோ எழுதினார்கள். அவரவர் காதில் விழுந்ததை அவரவர் எழுதினார்கள். யார் எழுதியதற்கும் இப்போது அவர் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

திரையில் சிவப்பில் வந்த வரியை நான் தமிழில் சொன்னேன். “பேரு பொருந்தலன்னு வருதும்மா.” அவர் ஐந்து காகிதத்தையும் தடவிப் பார்த்தார். பிறகு கேட்டார்: “எல்லாத்துலயும் நான்தானே சாமி இருக்கேன்? போட்டோவும் என்னுதுதானே?”

அந்தக் கேள்விக்கு என் திரையில் இடமில்லை. ‘மீண்டும் முயற்சிக்கவும்’ என்ற பொத்தான் ஒன்றுதான் இருந்தது.

கோளாறு எங்கே என்பதை உங்கள் பாஷையிலேயே சொல்கிறேன். இரண்டு பதிவேடுகளை ஒப்பிடுகிறீர்கள். எழுத்துக்கு எழுத்து ஒன்றானால் சரி, இல்லையென்றால் நிராகரிப்பு. ஒப்பிடுவது ஆங்கிலத்தில். தமிழின் ‘ச’ ஆங்கிலத்தில் எஸ் ஆகவும் வரும், சி-எச் ஆகவும் வரும். ‘க’ கே ஆகலாம், ஜி ஆகலாம். ‘ழ’வுக்கு ஒருவர் இசட்-எச் போடுவார், இன்னொருவர் எல்லோடு நிறுத்திவிடுவார். கனிமொழி என்ற பெயரை எத்தனை விதமாக எழுதுகிறார்கள் என்று உங்கள் கூடப் படித்த கனிமொழிகளைக் கேளுங்கள். ஆதார் அட்டையில் தமிழும் இருக்கிறது, ஆங்கிலமும் இருக்கிறது. பெயருக்கு உரியவருக்குப் படிக்கத் தெரிந்த எழுத்தை விட்டுவிட்டு, தெரியாத எழுத்தை வைத்து அவரை அளக்கிறோம். 2021 டிசம்பரில் தமிழ்நாடு அரசு, தமிழில் பெயர் எழுதும்போது முன்னெழுத்தையும் தமிழிலேயே எழுத வேண்டும் என்று ஆணை போட்டது. காகிதத்தில் அது வந்துவிட்டது. ஒப்பிட்டுப் பார்க்கும் நிரலுக்குள் வரவில்லை.

இனி அந்தச் சிவப்பு நட்சத்திரத்துக்கு வருகிறேன். ‘லாஸ்ட் நேம்’ என்ற பெட்டிக்குப் பக்கத்தில் நீங்கள் வைக்கிறீர்களே, அது.

நம்மூரில் குடும்பப் பெயர் இல்லாமல் போனது தற்செயல் இல்லை. 1929இல் செங்கல்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாநாட்டில், பெயருக்குப் பின்னால் ஜாதிப் பட்டம் போடக் கூடாது என்று தீர்மானம் போட்டார்கள். மேடையில் இருந்தவர்கள் முதலில் தங்கள் பட்டத்தை விட்டார்கள். அதற்குப் பிறகு ஊர் ஊராக, வீடு வீடாக விட்டார்கள். இன்று என் கடைக்கு வரும் பிள்ளைகளின் பெயரைப் பார்த்து நான் ஜாதி சொல்ல முடியாது. ஓர் எழுத்து, ஒரு பெயர், அவ்வளவுதான். இந்தியாவில் வேறு பல இடங்களில் பெயரைக் கேட்டதும் ஆளை எடைபோட்டுவிடலாம். இங்கே அது முடியாதபடி செய்ய மூன்று தலைமுறை ஆனது. அந்த மூன்று தலைமுறை வேலையை உங்கள் சிவப்பு நட்சத்திரம் ஒரு வினாடியில் தட்டிக் கேட்கிறது: “உன் பின்பெயர் என்ன? இல்லாமல் அடுத்த பக்கம் போக முடியாது.”

அப்போது என்ன செய்கிறோம்? அப்பா பெயரைப் போடுகிறோம். கல்யாணமான பெண் என்றால் கணவர் பெயர். இரண்டும் வேண்டாம் என்றால் வெறும் புள்ளி. புள்ளியை ஏற்காத திரைகளில் அதே பெயரை இரண்டு முறை. நானே ஒரு நாளில் நான்கு விதமாகப் போட்டிருக்கிறேன். ஒவ்வொன்றும் வேறொரு பதிவேட்டில் போய் உட்காரும். ஐந்து வருடம் கழித்து அவை ஒன்றையொன்று சந்திக்கும்போது ‘பொருந்தவில்லை’ என்று சொல்லும். பொருந்தாமையை உண்டாக்கியதே அந்தப் பெட்டிதான்.

பான் விண்ணப்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஒற்றை எழுத்து முன்னெழுத்தை ஏற்க மாட்டார்கள், விரித்துத்தான் எழுத வேண்டும். கடைசிப் பெயர் பெட்டி காலியாக இருக்கக் கூடாது. ஆகவே க. முருகன் என்பவர் பானில் முருகன் கந்தசாமி ஆனார். ஆதாரில் அவர் முருகன் கே. 2023 ஜூன் 30க்குள் இரண்டையும் இணைக்க வேண்டும் என்று வந்தபோது, என் கடையில் வரிசை ரோடு வரை நின்றது. ஆயிரம் ரூபாய் தாமதக் கட்டணத்தையும் கட்டிவிட்டு, பெயர் ஒத்துப்போகாமல் திரும்பியவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் தப்பாக ஒன்றும் செய்யவில்லை. இரண்டு படிவத்திலும் கேட்டதைக் கேட்டபடி நிரப்பினார்கள்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆதாரில் பெயருக்கு ஒரே பெட்டிதான் வைத்தார்கள். முதல் பெயர், கடைசிப் பெயர் என்று பிரிக்கவில்லை. இந்த நாட்டில் பெயர்கள் எத்தனை விதம் என்று தெரிந்த யாரோ அந்த மேசையில் இருந்திருக்கிறார்கள். செய்ய முடியாத காரியம் இல்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன். ஆனால் அதிலேயே இன்னொரு முடிச்சும் உண்டு. பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் திருத்தலாம், பிறந்த தேதியை ஒரு முறைதான். அதற்கு மேல் சிறப்பு அனுமதிக்கு அலைய வேண்டும். பதிவு செய்த பையனின் தட்டச்சுப் பிழைக்கு ஒரு வாய்ப்பு, கல்யாணத்துக்கு ஒரு வாய்ப்பு. முடிந்தது.

இது கடல் தாண்டியும் போகிறது. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களைச் சுற்றுலா விசாவில் உள்ளே விடமாட்டோம் என்றது. பிறகு பாஸ்போர்ட்டில் தந்தை பெயர் இருந்தால் போதும் என்று தளர்த்தினார்கள். அந்த இடைப்பட்ட நாட்களில் டிக்கெட் எடுத்துவிட்டுத் திகைத்து நின்ற குடும்பங்கள் எங்கள் பக்கத்தில் உண்டு. அமெரிக்க விசாவில் ஒற்றைப் பெயர்க்காரர்களுக்கு முதல் பெயர் இருக்கும் இடத்தில் எஃப்-என்-யு என்று அச்சடிப்பார்கள். முதல் பெயர் தெரியாது என்பது அதன் விரிவு. பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் பக்கத்திலேயே இருக்கும்போது, ‘தெரியாது’ என்று ஒருவரின் நெற்றியில் எழுதுகிறார்கள்.

உங்கள் தொழிலில் இது யாருக்கும் தெரியாத விஷயமும் இல்லை. 2010இலேயே பேட்ரிக் மெக்கென்ஸி என்ற மென்பொருள்காரர், பெயர்களைப் பற்றி நிரலாளர்கள் நம்பும் பொய்கள் என்று ஒரு கட்டுரை எழுதினார். எல்லோருக்கும் கடைசிப் பெயர் இருக்கும் என்பதும் அந்தப் பொய்களில் ஒன்று. உங்களில் பலர் அதைப் படித்திருப்பீர்கள். படித்த பிறகும் நட்சத்திரம் அங்கேயே இருக்கிறது.

என் அண்ணன் மகன் சிறுசேரியில் உங்களைப் போல வேலை பார்க்கிறான். பொங்கலுக்கு வந்தபோது இதைக் கேட்டேன். “அத்தை, டிக்கெட்ல அப்படித்தான் இருந்துச்சு. மேண்டட்டரி ஃபீல்டுன்னு குடுத்தாங்க, போட்டோம்” என்றான். டிக்கெட் என்பது அவர்களுக்கு வரும் வேலைக் குறிப்பு. நல்ல பிள்ளை, பொய் சொல்ல மாட்டான். அவனுக்கு அது பத்து நிமிட வேலை. அதில் குற்றம் செய்த எண்ணமே அவனுக்கு இல்லை. எனக்குப் பயமாக இருப்பது அதுதான். கெட்டவர் யாரும் இல்லாமலேயே செல்லம்மாளுக்குப் பணம் வராமல் போகிறது.

பெயர் பொருத்துவது சின்ன விஷயம் என்று நினைப்பவர்கள் தெலங்கானாவைப் பாருங்கள். அங்கே சமக்ர வேதிகா என்ற மென்பொருள், பல துறைகளின் பதிவேடுகளை இணைத்து, ஒரு பெயர் இன்னொரு பதிவேட்டில் உள்ள பெயரோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்தது. வீட்டில் கார் இருக்கிறது என்று அது சொன்னால் ரேஷன் போய்விடும். ரிக்‌ஷா இழுத்த ஒருவரின் மனைவிக்கு இப்படித்தான் ரேஷன் நின்றது. காருக்கு உரியவர் வேறு ஆள், கணவர் பெயரும் அவர் பெயரும் கிட்டத்தட்ட ஒன்று, அவ்வளவுதான். 2024 ஜனவரியில் அல் ஜசீரா இதை விரிவாக வெளியிட்டது. அதற்கு முன்பே, 2022 ஏப்ரலில், அந்த மாநிலத்தில் ரத்தான சுமார் 19 லட்சம் ரேஷன் கார்டுகளையும் நேரில் போய்ச் சரிபார்க்க உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருந்தது. கவனியுங்கள்: நேரில் போய். ஒரு மனிதர் இன்னொரு மனிதரின் வாசலுக்குப் போய் அடுப்பைப் பார்த்துவிட்டு வர வேண்டும் என்று நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. செல்லம்மாளின் பெயர் ஓர் எழுத்து மாறியதால் அவர் வேறு ஆளானார். அங்கே ஓரளவு ஒத்துப்போனதால் ஓர் ஏழைப் பெண் இன்னொருவரின் மனைவியானார். இரண்டு பக்கமும் தப்பு செய்யக்கூடிய ஒரு கருவியை வைத்துக்கொண்டு, அதன் சொல்லே கடைசிச் சொல் என்று விட்டுவிடுகிறோம்.

கணினி சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்ற நம்பிக்கை படித்த நாடுகளிலும் இப்படித்தான் ஆட்களைத் தின்றிருக்கிறது. பிரிட்டனில் தபால் நிலையங்களுக்கு ஹொரைசன் என்ற கணக்கு மென்பொருள் வந்தது. அது காட்டிய பற்றாக்குறையை வைத்து, 1999 முதல் 2015 வரை 900க்கும் மேற்பட்ட துணை அஞ்சலக நடத்துநர்கள் மீது வழக்குப் போட்டார்கள். சிலர் சிறைக்குப் போனார்கள். வீட்டை விற்று, இல்லாத பாக்கியைக் கட்டினார்கள். மென்பொருளில்தான் கோளாறு என்று 2019 டிசம்பரில் லண்டன் உயர் நீதிமன்றம் சொன்னது. தண்டனைகளை மொத்தமாக ரத்து செய்யச் சட்டம் வந்தது 2024 மே மாதம். அவர்களில் பலர் உதவிக்குப் போன் செய்தபோது கேட்ட பதில்: உங்களுக்கு மட்டும்தான் இந்தப் பிரச்சினை, வேறு யாரும் சொல்லவில்லை.

என் பெஞ்சில் இருப்பவர்களும் தங்களுக்கு மட்டும்தான் இப்படி என்றுதான் நினைக்கிறார்கள். “என் தலையெழுத்து” என்கிறார்கள். ஒரே பெஞ்சில் மூன்று பேர் ஒரே சிவப்பு வரியோடு உட்கார்ந்திருப்பது எனக்குத் தெரிகிறது. உங்களுக்கும் தெரியும், உங்களிடம் எண்ணிக்கை இருக்கிறது. ஒரு நாளில் எத்தனை பேர் அந்த வரியில் முட்டித் திரும்பினார்கள் என்று உங்கள் சர்வரில் பதிவாகியிருக்குமே. யாராவது அதை எடுத்துப் பார்க்கிறீர்களா?

போலிகளைத் தடுக்க வேண்டாமா என்று கேட்பீர்கள். தடுக்கத்தான் வேண்டும். இறந்தவர் பெயரில் பணம் வாங்கியவர்களை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் பதினாறு வருடத்தில் ஒன்றைக் கற்றுக்கொண்டேன். திருட்டுக் காகிதம் செய்கிறவன் எழுத்துப் பிழை விடமாட்டான். அவன் ஐந்தையும் ஒரே நாளில், ஒரே கையால் செய்கிறான். எல்லாம் அச்சுப் பிசகாமல் பொருந்தும். நாற்பது வருடம் உண்மையாக வாழ்ந்தவரின் காகிதம்தான் ஒன்றோடொன்று பொருந்தாது, ஏனென்றால் அதில் நாற்பது வருடத்துக் கிளார்க்குகள் இருக்கிறார்கள்.

அந்தரங்கத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள், அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒரே குரலில் தீர்ப்புச் சொன்னார்கள். ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசாமி போட்ட வழக்கு. அந்த உரிமை என் கடை வரை வரும்போது எப்படி இருக்கிறது தெரியுமா? செல்லம்மாளின் ஓடிபி திருப்பூரில் இருக்கும் பேரன் போனுக்குப் போகிறது. நான் பேரனுக்குப் போன் போடுகிறேன். அவன் கம்பெனி சத்தத்துக்கு நடுவில் ஆறு எண்களைக் கத்திச் சொல்கிறான். நான் திருப்பிக் கத்திச் சரிபார்க்கிறேன். கடையில் இருக்கும் எல்லோருக்கும் கேட்கிறது. இறக்கிய ஆதார் பிடிஎஃப் என் கணினியின் டவுன்லோட்ஸில் கிடக்கும். தினமும் கடை அடைக்கும்போது நான் அழித்துவிடுகிறேன். அழிக்காத கடைகளும் உண்டு. அந்தக் கோப்புக்குப் பூட்டு இருக்கிறது, சாவி பெயரின் முதல் நான்கு எழுத்தும் பிறந்த வருடமும். அந்த இரண்டும் தெரிந்தவர்கள் தெரு முழுக்க இருக்கிறார்கள். சொந்தப் போன், சொந்த அறை, சொந்தக் கணினி உள்ள ஒருவரை மனதில் வைத்துச் செய்த பாதுகாப்பு இது. என்னை நம்பி வருகிறவர்களை நான் ஏமாற்றாமல் இருப்பது என் மனசாட்சியைப் பொறுத்தது. உங்கள் வடிவமைப்பு அதற்கு ஒரு துரும்புகூட உதவவில்லை.

செல்லம்மாள் என்ன ஆனார் என்று கேட்பீர்கள். நோட்டரியிடம் போய், இந்த நான்கு பேரும் நான்தான் என்று உறுதிமொழிப் பத்திரம் வாங்கினார். வி.ஏ.ஓ. கையெழுத்துக்கு மூன்று நாள். ஆதார் மையத்தில் டோக்கனுக்கு இரண்டு நாள். ஒவ்வொரு நாளும் களை வெட்டும் கூலி போனது, பஸ் காசு போனது. பாஸ்புக்கில் பெயர் மாறிய பிறகு மூன்றாவது முறை விண்ணப்பித்தோம். கணவரின் அப்பா பெயரில் ஓர் எழுத்து பொருந்தவில்லை என்று திரும்பி வந்தது. அந்த மாமனார் இறந்து முப்பது வருடமாகிறது. நான்காவது முறை, அந்த அலுவலகத்தில் ஒரு பெண் அதிகாரி எல்லாக் காகிதத்தையும் வாங்கிப் பார்த்து, செல்லம்மாளின் முகத்தையும் பார்த்துவிட்டு, கையால் எழுதி அனுமதித்தார். ஏழு மாதம் திரை செய்யாததை அவர் இருபது நிமிடத்தில் செய்தார். போகும்போது செல்லம்மாள் அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாராம்.

அந்த அதிகாரிக்கு ஒரு பொத்தான் கொடுங்கள். அதைத்தான் கேட்கிறேன். பெயர் அரைகுறையாகப் பொருந்தினால் தூக்கி எறியாமல், அதை ஒரு மனிதரின் மேசைக்கு அனுப்பும் வழியை எழுதுங்கள். தமிழ்ப் பெயர் இருக்கும் இடத்தில் தமிழையும் ஒப்பிடுங்கள். நிராகரித்தால், எந்த எழுத்து, எந்தக் காகிதத்தில் என்று தமிழில் சொல்லுங்கள். வெறும் ‘பொருந்தவில்லை’யை வைத்துக்கொண்டு நாங்கள் எங்கே போய்த் தேடுவோம்? 2017 அக்டோபரிலேயே ஆதார் ஆணையம், ரேகை விழாத காரணத்துக்காக யாருக்கும் ரேஷனை மறுக்கக் கூடாது என்று சுற்றறிக்கை அனுப்பியது. சுற்றறிக்கையில் எழுதிவிடலாம். வேலை செய்யும் திரையில் அதற்கு வழி வைக்காவிட்டால், கவுண்டரில் இருப்பவர் கையை விரிக்கத்தான் செய்வார். 2023இல் வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டம் தன் தகவலைத் திருத்திக் கேட்கும் உரிமையைத் தந்திருக்கிறது. அந்த உரிமைக்கும் உங்கள் கையால்தான் ஒரு பக்கம் செய்ய வேண்டும். அதைச் செய்யும்போது, படிக்கத் தெரியாத ஒருவர் கடைக்காரியின் துணையோடு வருவார் என்பதையும் நினைத்துச் செய்யுங்கள்.

உங்களில் பாதிப் பேருக்கு இது முதல் தலைமுறை வேலை. உங்கள் அம்மாவோ பாட்டியோ இப்படி ஒரு மஞ்சப்பையோடு என்னைப் போன்ற ஒருத்தியின் கடைக்கு வந்துதான் உங்கள் ஸ்காலர்ஷிப் விண்ணப்பத்தைப் போட்டிருப்பார்கள். அன்று நாங்கள்தான் ‘லாஸ்ட் நேம்’ பெட்டியில் உங்கள் அப்பா பெயரைப் போட்டோம். அதை இன்றுவரை எல்லாக் காகிதத்திலும் சுமந்துகொண்டிருக்கிறீர்கள்.

திங்கட்கிழமைகளில் கலெக்டர் ஆபீசில் மனு கொடுக்கப் போகிறவர்கள் காலை எட்டு மணிக்கே என் கடைக்கு வந்துவிடுவார்கள். ஒரு திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டு வாருங்கள். உங்கள் ஊர் தாலுகா ஆபீசுக்கு எதிரே இருக்கும் கடைக்குப் போனாலும் சரி. பெஞ்சில் மத்தியானம் வரை உட்கார்ந்து பாருங்கள். வர முடியாவிட்டால், இந்த வாரம் உங்கள் கையில் இருக்கும் படிவத்தைத் திறந்து, கடைசிப் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தச் சிவப்பு நட்சத்திரத்தை எடுத்துவிடுங்கள்.

அன்புடன்,
தாலுகா ஆபீஸ் எதிர்க் கடை அக்கா